மைல்கல்லில் முட்டிய மட்காடு

“அடிமேல அடி அடிச்சா அம்மியும் நகரும்னு சொன்னாங்களே தம்பி. இந்த இரும்பு நகர மாட்டேங்குதே.”

பட்டறை வாசலில் கையில் சுத்தியலோடு நின்று இப்படி முறையிட்டவள் வேலுத்தாய்.

உள்ளே, கழற்றிப் போட்ட கார் சீட்டில் சம்மணம் போட்டுப் பணியாரம் தின்றுகொண்டிருந்தவர் அபுதாகிர். நசுங்கிய வண்டிகளைத் தட்டி நிமிர்த்தும் டிங்கர். கம்பம் ஊரிலிருந்து மலைமேட்டுக்கு ஏறுகிற ஜீப்புகளில் பாதிக்கு அவர் கைபட்டுத்தான் பழைய முகம் திரும்பியிருக்கிறது. வேலுத்தாயைவிட ரொம்ப இளையவர். வாய் மட்டும் கிழட்டு வாய்.

“அம்மி நகரும்னுதான்க்கா சொன்னாங்க. நகந்து எங்க போகும்னு சொல்லலையே” என்றார்.

அப்புறம் எந்த நெளிவை அடித்தாள் என்று விசாரித்தார். ஜீப்பு முன்சக்கரத்துக்கு மேலே, இடது மட்காட்டில் இருக்கிறதே, அந்தப் பெரிய நெளிவை, என்றாள். அது எப்போது விழுந்தது என்று கேட்டார். அதுதான் எல்லாவற்றுக்கும் மூத்தது, எங்கள் கல்யாணத்துக்கும் மூத்தது என்றாள்.

அபுதாகிர் கடைசிப் பணியாரத்தை வாயில் போட்டுக்கொண்டு விரலைத் துடைத்தார்.

“வெள்ளிக்கிழம வர்றேன். அதுவரைக்கும் சுத்தியல அரிசிப் பானைக்குள்ள போட்டு வைங்க.”

எதுக்கு அரிசிப் பானை என்று வேலுத்தாய் கேட்கவில்லை. அந்த ஆளிடம் எதுக்கு என்று கேட்டால் இன்னொரு பணியாரம்தான் பதிலாக வரும். வீட்டுக்குப் போய் போட்டு வைத்தாள். சோறு வடிக்க அரிசி அள்ளும்போதெல்லாம் சுத்தியல் கையில் இடித்தது.

*

வேலுத்தாய் வீடு மலையடிவாரத்தில் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னாலேயே மேட்டு ரோடு வளைந்து வளைந்து ஏறும். மழைக்காலத்தில் மேகம் அதே ரோட்டில் இறங்கி வந்து, வாசல் வரைக்கும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்.

வாசலில் ஏலக்காய் உலர்த்துகிற தகரக் கொட்டகைக்குள் அந்த ஜீப்பு நிற்கிறது. மிலிட்டரிக்காரர்கள் ஏலம் விட்டபோது எடுத்தது. நாலு சக்கரமும் இழுக்கும். ஆடு ஏறத் தயங்குகிற தோட்டத்துக்கும் அது உறுமிக்கொண்டு ஏறிவிடும். ஆள் ஏற்றி, மூடை ஏற்றி, ஆயுசையே அந்த மலையில் ஓட்டித் தீர்த்தவர் அவள் புருஷன் தவசி.

இப்போது தவசிக்கு மறதி. மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தோம் என்கிற மறதி என்றால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். இது வேறே. ஒருநாள் விடிந்து காப்பி கொண்டுபோன வேலுத்தாயை நிமிர்ந்து பார்த்து, “யாருத்தா நீ, புதுசா வேலைக்கு வந்துருக்கியா?” என்று கேட்டார். அவள் காப்பியைக் கீழே வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

பெண்டாட்டியை மறந்த மனுஷன் வண்டியை மறக்கவில்லை. அதுதான் பெரிய வினையாகப் போயிற்று.

விடிந்ததும் “என் வண்டி எங்க?” என்பார். இதோ நிற்கிறதே என்று காட்டினால், ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, இது எவனோ விட்டுவிட்டுப் போன உடைசல், என் வண்டி பச்சைக்கிளி கணக்காக இருக்கும் என்பார். அப்படியே அதைத் தேடி மேட்டு ரோட்டில் நடக்கத் தொடங்கிவிடுவார். ஒருதரம் செக்போஸ்ட்டில் பிடித்து உட்காரவைத்துச் சொல்லியனுப்பினார்கள். இன்னொருதரம் பள்ளத்தின் விளிம்பில், தடுப்புச் சுவரே இல்லாத இடத்தில், காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார். மேகத்துக்குள் அவரைத் தேடிக் கண்டுபிடித்தவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஜீப்பை எடைக்குப் போட்டுவிட்டு அப்பாவை உள்ளே வைத்துப் பூட்டு என்று திருப்பூரிலிருந்து மகன் சௌந்தர் போனில் சொன்னான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. பயத்தில் சொன்னான்.

வேலுத்தாய் வேறொன்று நினைத்தாள். இந்த ஜீப்பை அவர் நினைப்பில் இருக்கிற ஜீப்பாகவே ஆக்கிவிட்டால்? தன் வண்டிதான் என்று தெரிந்துவிட்டால் எதைத் தேடிப் போகப் போகிறார்? வண்டி தெரிந்தால் வண்டிக்குப் பக்கத்தில் நிற்கிறவளும் தெரிந்துவிடுவாள். வேலுத்தாய் என்று ஒரே ஒருதரம் அவர் வாயிலிருந்து வந்தால் போதும். அதற்குமேல் அவள் சாமியிடம் ஒன்றும் கேட்கப் போவதில்லை.

அபுதாகிர் ஆட்களோடு வந்து வண்டியைக் கட்டிப் பட்டறைக்கு இழுக்கப் பார்த்தார். உடைசல் என்று காலையில் சொன்ன அதே மனுஷன், ஜாக்கிக் கம்பியைத் தூக்கிக்கொண்டு விரட்டினார். கைவைக்கிறவன் கையை ஒடிப்பேன் என்று நின்றார். வேலுத்தாய் மட்டும் பயந்து பயந்து போய் மட்காட்டைத் தொட்டாள். அவளை ஒன்றும் சொல்லவில்லை.

தள்ளி நின்று அதைப் பார்த்த அபுதாகிர், ஒரு சுத்தியலையும், தகட்டுக்குப் பின்னால் வைத்துத் தாங்குகிற இரும்புக் கட்டையையும் அவள் கையில் கொடுத்தார்.

“பட்டறை இங்கதான்க்கா. டிங்கரும் நீங்கதான்.”

எப்படி அடிக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டார். குரு வாய்த்த லட்சணம் அப்படி. சிஷ்யையும் கண்ணில் பட்ட முதல் நெளிவில் போட்டு அடிஅடியென்று அடித்தாள். ஒரு பக்கம் அமுங்கினால் மறு பக்கம் புடைத்தது. அதுதான் பட்டறை வாசலில் வந்து நின்ற கதை.

*

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடித்து, கைக்குட்டையில் பிரியாணி வாசத்தோடு அபுதாகிர் வந்தார். கொட்டகைக்கு வெளியே ஒரு சாக்கு மூடையில் உட்கார்ந்தார். உள்ளே வரவில்லை. கொட்டகைக்குள் திண்டில் உட்கார்ந்திருந்த தவசி, ஜாக்கிக் கம்பியை மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தபடி இருந்தார்.

“கண்ண மூடிக்கிட்டுத் தடவுங்கக்கா. கண்ணு பெயிண்ட்டப் பாத்து ஏமாந்துரும்.”

வேலுத்தாய் கண்ணை மூடி மட்காட்டைத் தடவினாள். ஏலக்காயைத் தரம் பிரித்துப் பழகிய கை. ஒரு நெளிவு என்று அவள் நினைத்தது ஒன்றல்ல. அதன் மேலேயே இன்னொரு மடிப்பு ஏறி உட்கார்ந்திருந்தது. மேலே இருப்பது கீழே இருப்பதை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.

அதைச் சொன்னாள். மேலே இருப்பதை எடுக்காமல் கீழே இருப்பதை எடுக்க முடியுமா என்று அபுதாகிர் கேட்டார். எப்படி முடியும், என்றாள்.

“அவ்வளவுதான் எங்க வேலை. கடைசியா விழுந்த அடி முதல்ல வெளிய வரணும். முதல்ல விழுந்தது கடைசில வரும். மாத்தி அடிச்சா தகடு கோவிச்சுக்கும்.”

எது கடைசி, எது முதல் என்று அவளுக்கு எங்கே தெரியும்? வண்டி மலையில் ஓடியது, அவள் அடுப்படியில் கிடந்தாள். பாதி நெளிவுகளுக்கு அவர் கதை சொன்னார், பாதிக்குச் சொல்லவில்லை.

அபுதாகிர் தாடையால் தவசியைக் காட்டினார்.

“அவரையா? நான் யாருன்னே தெரியாத மனுஷன்.”

“உங்களத் தெரியாதுன்னாரு. சரி. வண்டியத் தெரியாதுன்னாரு. அதுவும் சரி. அடியக் கேட்டீங்களா?”

வேலுத்தாய் போய் அவர் கையைப் பிடித்தாள். ஜாக்கிக் கம்பியைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளை மாதிரி எழுந்து வந்தார்.

பின்பலகையில் இருந்த நெளிவில் அவர் உள்ளங்கையை வைத்தாள். போன வருஷம் இதே வாசலில் ரிவர்ஸ் எடுக்கும்போது கேட் தூணில் இடித்தது அது. அன்றைக்குத்தான் சாவியை ஒளித்துவைத்தாள். தவசி தடவிப் பார்த்துவிட்டு, யாருடைய வண்டி இது என்று கேட்டார்.

வலப்பக்கக் கீறலில் வைத்தாள். சௌந்தர் ஓட்டிப் பழகும்போது சுவரில் உரசியது. அதற்கும் அதே கேள்விதான்.

இடது மட்காட்டில், மேலே ஏறி உட்கார்ந்திருந்த மடிப்பில் வைத்தாள்.

அவ்வளவுதான், மனுஷனுக்கு உயிர் வந்துவிட்டது. லாரிக்காரன் ஒருவன், மாட்டுத்தாவணி லோடு, வளைவில் ஹாரன் அடிக்காமல் வந்தான் என்றார். அவனை இறக்கி நாலு கேள்வி கேட்டதையும், கடைசியில் இரண்டு பேரும் ஒரே கடையில் புரோட்டா தின்றதையும் சொன்னார். வண்டி மூக்கின் மேல் இருந்த பள்ளத்தில் கை பட்டதும் சிரித்தேவிட்டார். தோட்டத்தில் பலாப்பழம் விழுந்ததாம். வண்டி நசுங்கியதுகூடப் பரவாயில்லை, பழம் பழுக்கவில்லையே என்று வருத்தப்பட்டார்.

இடது பக்கத்து நீளக் கீறலில் கை போனபோது அவர் முகம் மாறியது. மழை, என்றார். விடியப்போகிற நேரம், பாறை இடித்தால் இடிக்கட்டும் என்று இறக்கினேன், என்றார்.

“பொண்டாட்டி வலில துடிக்கிறா. நான் பாறையப் பாப்பனா, அவளப் பாப்பனா?”

வேலுத்தாய் அவர் கையை விடவில்லை. உங்கள் பெண்டாட்டி இப்போது எங்கே இருக்கிறாள் என்று கேட்டாள். ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், நான் போக வேண்டும், வண்டியைத்தான் காணோம் என்றார்.

கடைசியாக மட்காட்டின் அடிநெளிவு. எல்லாவற்றுக்கும் மூத்தது. அதில் கை வைத்ததும் தவசி பிடரியைச் சொறிந்துகொண்டார்.

“மைல்கல்லு. ஒரு பொண்ணு தலையில மூடையோட போச்சு. அதப் பாத்துக்கிட்டே கொண்டுபோயி விட்டுட்டேன். சிரிச்சுட்டுக் குறுக்குப் பாதைல போயிருச்சு. பேரு கேக்கல. நாளைக்குப் போயிக் கேக்கணும்.”

அந்தப் பெண் யாரென்று வேலுத்தாயிக்குத் தெரியாதா என்ன? டமாரென்று சத்தம் கேட்டுத் திரும்பியதும், மட்காடு நசுங்கிய ஜீப்புக்குப் பக்கத்தில் ஒரு நெட்டைக் கொக்கு பிடரியைச் சொறிந்துகொண்டு நின்றதும் இன்றைக்கும் கண்ணில் இருக்கிறது. மறுநாள் அதே மைல்கல்லுக்குப் பக்கத்தில் காத்துக் கிடந்து, உங்க பேரு என்னங்க என்று கேட்டார். பேரு கேக்கவா மைல்கல்லுல போயி முட்டுனீங்க என்று ஒரு வெட்டு வெட்டிவிட்டு நடந்தாள். அந்த ஏலக்காய்ப் பருவம் முடிகிறவரைக்கும் பேரைச் சொல்லவில்லையே, பாவி.

“நாந்தாங்க அந்தப் பொண்ணு” என்றாள்.

தவசி அவளை மேலும் கீழும் பார்த்துச் சிரித்தார். “போங்கம்மா. அது சின்னப் பொண்ணு.”

அபுதாகிர் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தார். எந்த அடிக்கு அவர் கதை சொல்லவில்லையோ அதில் ஆரம்பியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

*

தூணில் இடித்த நெளிவு முதலில் வந்தது. கட்டையைப் பின்னால் கொடுத்து, விளிம்பிலிருந்து மெல்லத் தட்டத் தட்ட, தகடு சொன்ன பேச்சைக் கேட்டது. ஆத்தாடி, இரும்புக்கா இத்தனை மனசு என்று இருந்தது வேலுத்தாயிக்கு. அடுத்து, மகன் உரசிய கீறலும் வந்தது.

தட்டிய இடத்தை உப்புத்தாளால் தேய்த்தாள். மகன் ஆசைப்பட்டு அடித்த வெள்ளை போய், அதன் கீழே நீலம் வந்தது. நீலம் போனால் அதற்கும் கீழே பச்சை இருந்தது. அடேயப்பா, கிளி உள்ளேதான் இருந்திருக்கிறது.

ஒரு வெள்ளிக்கிழமை லாரிக்காரன் மடிப்பில் அவர் கையை வைத்தாள். பழையபடி புரோட்டா கதை வரும் என்று பார்த்தாள். வரவில்லை. யாருடைய வண்டி இது என்று கேட்டார்.

அப்படியானால் இதுதான் அடுத்தது. எடுத்தாள். மடிப்பு விலகியதும் கீழே இருந்த மைல்கல் நெளிவு மூச்சுவிட்ட மாதிரித் தளர்ந்தது.

நாள் போகப் போக, அந்தக் கொட்டகைக்குள் நேரம் பின்பக்கமாக ஓடுகிற மாதிரி இருந்தது. மேகம் உள்ளே வரும், சக்கரத்தைச் சுற்றி நிற்கும், போகும். டொக் டொக்கென்று சுத்தியல் சத்தம் மலையில் பட்டுத் திரும்பி வரும்போது வேறு யாரோ மேலே இருந்து தட்டுகிற மாதிரிக் கேட்கும். வண்டிக்கு வயசு குறைந்துகொண்டே வந்தது. திண்டில் உட்கார்ந்திருந்தவருக்கும் குறைந்தது. முன்னே அவளைப் பார்த்தால் எரிந்து விழுந்த மனுஷன், இப்போது தண்ணி கொடுத்தால் மரியாதையாக வாங்கிக் குடித்தார். பாட்டு முனகினார். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டார்.

பலாப்பழப் பள்ளத்தில் கையை வைத்தபோது அவர் சிரிக்கவில்லை.

அதைத் தட்டி எடுத்த அன்றைக்குத்தான் வேலுத்தாயிக்குப் பொறி தட்டியது. சுத்தியல் கையிலேயே நின்றுவிட்டது. போய் அதை அரிசிப் பானைக்குள் புதைத்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அபுதாகிர் வந்தபோது வண்டிப் பக்கமே போகாமல் வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். அவர் உட்காரும் முன்னாலேயே கொட்டித் தீர்த்தாள்.

“நான் தட்டத் தட்ட அவருக்கு மறக்குது தம்பி. வண்டிய எடுக்குறேன்னு நெனச்சு மனுஷன அழிச்சுக்கிட்டு இருக்கேன். இனி அந்தச் சுத்தியலத் தொட மாட்டேன்.”

அபுதாகிர் உட்கார்ந்தார். சாக்கு மூடையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். தூங்குகிறாரா, முழித்திருக்கிறாரா என்று தெரியவில்லை. அன்றைக்கு அப்படியே இருந்துவிட்டுப் போனார். அதற்கடுத்த வாரமும் அதேதான். வேலுத்தாயிக்குக் கோபம் கோபமாக வந்தது. குரு என்றால் நாலு வார்த்தை ஆறுதலாவது சொல்ல வேண்டாமா?

இன்னொரு வெள்ளிக்கிழமை. சோறு தின்றுகொண்டிருந்த தவசி, சுவரில் மாட்டியிருந்த சௌந்தர் போட்டோவைக் காட்டி, யாருங்க இந்தத் தம்பி, நல்லா இருக்காப்ல என்றார். வேலுத்தாய் அவர் கையைக்கூடக் கழுவவிடாமல் இழுத்துக்கொண்டு கொட்டகைக்கு ஓடினாள். பாறைக் கீறலில் அந்தக் கையை வைத்தாள். மழையைச் சொல்லுங்கள், வலியைச் சொல்லுங்கள் என்று கெஞ்சினாள்.

தகட்டில் சோற்றுப் பருக்கை ஒட்டிக்கொண்டதைப் பார்த்துத் தவசி கூச்சப்பட்டார். மன்னிச்சுக்கங்க, துடைச்சு விட்டுர்றேன் என்றார்.

வாசலில் அபுதாகிர் நின்றுகொண்டிருந்தார்.

“சுத்தியல் அரிசிக்குள்ள தூங்குதுக்கா. மறதியும் தூங்குச்சா?”

வேலுத்தாய் அங்கேயே சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள். தன் பிள்ளை பிறந்த விடியலை இனிமேல் இந்த உலகத்தில் தான் ஒருத்திதான் சுமக்க வேண்டும் என்று அழுதாள். தவசி என்ன செய்வதென்று தெரியாமல், தன் தோள் துண்டை எடுத்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

அந்தத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பானையிலிருந்து சுத்தியலை எடுத்து வந்தாள். பாறைக் கீறல் எத்தனை வருஷத்துக் கீறல்! தொட்டதும் வந்துவிட்டது.

*

மைல்கல் நெளிவு ஒன்றுதான் பாக்கி.

மற்ற இடமெல்லாம் பச்சை. பழைய பச்சையோடு சேர்கிற மாதிரி அபுதாகிர் கலந்து கொடுத்ததை, பிரஷ்ஷாலேயே தீட்டியிருந்தாள். தவசி காய்ச்சலில் உள்ளேயே படுத்திருந்ததால், வண்டியைப் பார்த்துப் பல நாளாகியிருந்தது. படுக்கையிலிருந்தும் வண்டி எங்கே என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து நடக்கிற தெம்பு வந்ததும் மேட்டு ரோட்டுக்குத்தான் போவார் என்று அவளுக்குத் தெரியும்.

அன்றைக்கு மத்தியானமே மேகம் இறங்கி ரோட்டையும் வேலியையும் மூடிவிட்டது. கொட்டகையும் ஜீப்பும் மட்டும்தான் உலகத்தில் மிச்சம் என்கிற மாதிரி இருந்தது. அன்றைக்கு விரட்டுப்பட்ட பிறகு அபுதாகிர் முதல்தடவையாக உள்ளே வந்து, மட்காட்டை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார்.

உள்ளே இருந்து ஒரே தட்டு, தானாகத் துள்ளி வந்துவிடும் என்றார்.

“எடுத்துட்டா, அவருகிட்ட இருக்குற அந்த ஒண்ணும் போயிருமோன்னு பயமா இருக்கு. எடுக்கலைன்னா இது அவரு வண்டி இல்லைன்னு தேடிப் போயிருவாரு. நான் என்ன தம்பி செய்யட்டும்?”

“தகட்டப் பத்திக் கேளுங்கக்கா. சொல்றேன்.”

அவ்வளவுதான். வெளியே போய், சாக்கு மூடையில் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

வேலுத்தாய் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி, மட்காட்டுக்கு அடியில் சுத்தியலைக் கொண்டுபோனாள். இடது உள்ளங்கையை மேலே நெளிவின் மேல் வைத்துப் பார்த்தாள். எடுத்தாலும் மறக்கும், எடுக்காவிட்டாலும் மறக்கும். பாறைக் கீறல் அதைத்தானே சொல்லிக் கொடுத்தது? கிளி மாதிரி வண்டியைக் கொடுத்துவிடுவோம், மனுஷன் பள்ளத்தில் விழாமல் வீட்டோடு இருக்கட்டும், நம்மைத் தெரியாவிட்டால் போகட்டும் என்று முடிவு செய்தாள். முடிவு செய்த பிறகும் கை எழவில்லை.

சக்கரத்துக்கு அந்தப் பக்கம் இரண்டு கால்கள் வந்து நின்றன.

தவசி குளித்திருந்தார். சட்டைப் பொத்தானை எல்லாம் சரியாகப் போட்டிருந்தார். தலையைப் படிய வாரியிருந்தார். ஜீப்பை ரொம்ப நேரம் பார்த்தார்.

“என் வண்டி” என்றார்.

அந்தக் குரலைக் கேட்டு வேலுத்தாயிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அசையாமல் குந்தியிருந்தாள். தவசி வண்டியைத் தடவிக்கொண்டே சுற்றி வந்தார். பின்பலகை வழுவழுவென்று இருந்தது. பக்கவாட்டிலும் மூக்கிலும் கை தடங்கலில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. இடது மட்காட்டுக்கு வந்ததும் அவர் உள்ளங்கை பள்ளத்துக்குள் இறங்கி நின்றது.

அவர் குனிந்து பார்த்தார். மேகத்துக்குள் ரோடு இருக்கிற திசையைப் பார்த்தார்.

வேலுத்தாய் எழுந்து நின்றாள். கன்னத்தில் பச்சைப் பெயிண்ட், கலைந்த தலை, கையில் சுத்தியல். மேகம் இருவருக்கும் நடுவில் வந்து வந்து போனது. தவசி அவளைப் பார்த்தார். பார்த்தவர் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டு பிடரியைச் சொறிந்தார்.

“நேத்தே கேக்கணும்னு நெனச்சேன். உங்க பேரு என்னங்க?”

அந்தப் பேரை அவர் வாயால் கேட்கத்தான் இத்தனை மாசமும் இரும்போடு மல்லுக்கட்டினாள். வேலுத்தாய், வேலுத்தாய் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

சுத்தியலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

“பேரு கேக்கவா மைல்கல்லுல போயி முட்டுனீங்க?” என்றாள்.